ராமதாஸின் இந்த மாத நம்பர்

மனிதர்களில் வீடு மாற்றுகிறவர்கள் உண்டு. வேலை மாற்றுகிறவர்கள் உண்டு. கட்சி மாற்றுகிறவர்கள் வேண்டிய மட்டும் உண்டு. இவர்களைப் பற்றியெல்லாம் ஊர் பேசித் தீர்த்துவிட்டது. இவர்களுக்குக் கடைக்குட்டியாக, செல்போன் என்கிற வஸ்து நம் சட்டைப்பையில் குடியேறிய பிறகு ஜனித்த இனம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. அதன் பெயர் சிம் மாற்றி.

நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் மதுரையில் எந்த முக்குக்குப் போனாலும் ஒரு பெரிய குடையை விரித்து, அதன் அடியில் ஒரு மேஜையைப் போட்டு, மேஜைக்குப் பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் "சார், சிம் ஃப்ரீ சார்! டாக்டைம் ஃப்ரீ சார்!" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பெரியார் பஸ் நிலையத்தில் நீலக் குடை, காளவாசலில் சிவப்புக் குடை, பழங்காநத்தத்தில் மஞ்சள் குடை. சாதாரண ஜனங்கள் "வேண்டாம்ப்பா" என்று நடையைக் கட்டுவார்கள். சிம் மாற்றி நின்றுவிடுவார். "போனஸ் எம்புட்டு?" என்று கேட்பார். கேட்கும்போது அவர் முகத்தில் ஓர் ஒளி வரும் பாருங்கள், கோபுர தரிசனத்தின்போதுகூட அது வந்தது கிடையாது.

விளாங்குடி ராமதாஸ் இந்த இனத்தில் ஒரு முழு வளர்ச்சி அடைந்த மாதிரி. ஒரு நூற்பாலை ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். பத்மாசினி என்கிற பொறுமைசாலியின் கணவர். ஸ்வர்ணா என்கிற ஒரே பெண்ணின் தகப்பனார். வீட்டுக்குள் இவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். இங்கே உங்கள் வசதிக்காகத் தமிழில் வருகிறது.

அவரைக் கஞ்சர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கோயில் உண்டியலில் தாராளம், வந்தவர்களுக்குச் சாப்பாட்டில் தாராளம், கல்யாண மொய்யில் தாராளம். ஆனால் "புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று எங்கேயாவது எழுதியிருந்தால், அந்தப் புதிய வாடிக்கையாளராக மாறாமல் அவரால் அன்றைக்குத் தூங்க முடியாது. அவ்வளவுதான் வியாதி. ஒரு சிம்மை வாங்குவார். அதோடு வருகிற இலவச நிமிஷங்களைப் பேசித் தீர்ப்பார். தீர்ந்த மறுநாள் அந்த நம்பர் அவருக்கு நேற்றைய காலண்டர் தாள். அடுத்த குடையைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்.

"இவய்ங்க நம்மள ஏமாத்தப் பாக்குறாய்ங்க. நான் இவய்ங்கள ஏமாத்துறேன்" என்பது அவருடைய சித்தாந்தம்.

ஏமாற்றுவது என்றால் சும்மாவா? அதற்கு எவ்வளவு பாடு! அவருடைய பழைய ஸ்கூட்டர் அவ்வளவு தூரம் தாங்காது என்பதால், விளாங்குடியிலிருந்து பழங்காநத்தம் மஞ்சள் குடைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் வேண்டும். ஆகவே ராமதாஸ் ஸ்டுடியோவுக்குப் போனால் ஒரு காப்பி, இரண்டு காப்பி என்று கேட்பதில்லை, தாள் தாளாகத்தான் போடச் சொல்வார். லேசாகக் கழுத்தைச் சாய்த்து, கோடு போட்ட சட்டையோடு, கொஞ்சம் திகைத்தாற்போல் பார்க்கும் அந்த முகம் இந்தியாவின் எல்லாத் தொலைபேசிக் கம்பெனிகளின் அலமாரியிலும் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் இவர் வண்டி சத்தம் கேட்டாலே ரேஷன் கார்டை வாங்கக் கையை நீட்டிவிடுவார். பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு, ஸ்டுடியோ செலவு எல்லாவற்றையும் கூட்டினால் இலவசமாக வந்தது எங்கே நிற்கும்? கூட்டக்கூடாது. கூட்டினால் அவர் சிம் மாற்றியே இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. இலவச நிமிஷங்கள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் பேசுவதற்கு ஆள் கிடைக்க வேண்டுமே! சொந்தக்காரர்கள் எல்லாம் இவர் பெயரைப் பார்த்தாலே போனைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஆகையால் போனஸ் முடிகிற கடைசி நாட்களில், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியில் இருக்கும் மனைவிக்குப் போன் போடுவார். பத்மாசினியின் போனிலும் அதே குடைச் சிம்மைத்தான் போட்டுவைத்திருப்பார்.

"பத்மா, காப்பி."

"இங்கேருந்து பாத்தா தெரியுறீங்க. வாயால கேட்டா என்ன?"

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. கட் பண்ணாம பேசு."

பழைய சிம்களை என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? தூக்கிப் போட மனசு வராது. பத்மாசினியின் வெள்ளிக் குங்குமச் சிமிழில் போட்டுவைப்பார். நகத்தளவு அட்டைகள் எல்லாம் நெற்றிக்கு இட்டதுபோல் சிவந்து கிடக்கும். பத்மாசினிக்குக் குங்குமம் ஒரு பழைய தைல டப்பாவுக்குக் குடிபெயர்ந்து வெகுநாளாயிற்று. வீட்டிலிருந்த லேண்ட்லைனையும் மாத வாடகை தண்டம் என்று போன வருஷமே சரண்டர் செய்தாகிவிட்டது.

சரி, நம்பர் மாறியதை ஊருக்குத் தெரிவிக்க வேண்டாமா? தெரிவிப்பார். மிஸ்டு கால் கொடுத்து.

இதில் அவர் கை தேர்ந்தவர். எதிர்முனையில் மணி ஒரு தடவை அடிக்க வேண்டும், மறு தடவை அடிப்பதற்குள் துண்டித்துவிட வேண்டும். யாராவது அவசரக்காரர் எடுத்து "ஹலோ" என்று சொல்லிவிட்டால் ராமதாஸுக்கு நெஞ்சு அடைத்துவிடும். மிஸ்டு கால் பார்த்தவர்கள் தங்கள் காசில் திருப்பிக் கூப்பிடுவார்கள். அப்போது, "நான்தான் ராமதாஸ். இனிமே இதுதான் நம்பர். சேவ் பண்ணிக்கங்க" என்பார். கூப்பிடாதவர்கள்? அவர்களுக்கு ராமதாஸ் கிடையாது. அவருடைய மச்சினன் உமேஷின் போனில் ராமதாஸ் மாமா, ராமதாஸ் மாமா புது, ராமதாஸ் மாமா ரொம்பப் புது, ராமதாஸ் மாமா இதுதான், ராமதாஸ் மாமா சத்தியமா இதுதான் என்று வரிசையாக இருக்கும். ஒன்றும் உபயோகத்தில் இருக்காது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஸ்வர்ணாவுக்கு ஒரு வரன் வந்தது.

பரமக்குடியில் நூல் கடை வைத்திருக்கும் துளசிராம், தன் மகன் கார்த்திகேஷை அழைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தார். துளசிராம் நிதானமான மனிதர். ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் யோசிப்பவர். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், பேசினார்கள், தங்கள் சௌராஷ்டிர பாஷையில் நாலு பழங்கதை பேசிச் சிரித்தார்கள். கார்த்திகேஷ் ஸ்வர்ணாவைப் பார்த்தான். ஸ்வர்ணா கார்த்திகேஷைப் பார்த்துவிட்டு, காலி டம்ளரைத் தட்டில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பத்மாசினிக்கு அது போதுமானதாக இருந்தது. மகளுக்கு இதற்கு முன்னால் நாலைந்து இடம் வந்து தட்டிப்போயிருந்ததில் பத்மாசினி பாதியாக இளைத்திருந்தாள். இந்த இடமாவது கூடி வர வேண்டுமே என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

கிளம்பும்போது துளசிராம், "வீட்ல கலந்துக்கிட்டு போன்ல தகவல் சொல்றேன்" என்று நம்பர் கேட்டார். ராமதாஸ் அப்போது நீலக் குடையில் இருந்தார். லைஃப்டைம் சிம். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அந்த நம்பரைச் சொன்னார். துளசிராம் 'ராமதாஸ் சம்பந்தி' என்றே சேவ் செய்துகொண்டார்.

மறுநாளே பழங்காநத்தத்தில் மஞ்சள் குடை புதுப் போனஸை அறிவித்துவிட்டது. அடாடா! விதி எப்படியெல்லாம் குடை பிடிக்கிறது பாருங்கள்.

"வேண்டாம்ங்க. அவங்க கூப்பிடுற வரைக்குமாவது இதை வச்சுக்கங்க" என்றாள் பத்மாசினி.

"புது நம்பர்லேருந்து அவருக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தாப் போச்சு. என்ன பெரிய விஷயம்?" என்று ராமதாஸ் செருப்பை மாட்டினார்.

பழங்காநத்தத்தில் சோணைமுத்து என்பவர் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். ராமதாஸ் அங்கே உட்கார்ந்துதான் சிம் மாற்றுவது வழக்கம். அன்றைக்கு மஞ்சள் சிம்மைப் போட்டுவிட்டு நீலத்தைச் சிமிழுக்கு எடுத்துப்போகத் தாளில் மடித்தபோது சோணைமுத்து கையைப் பிடித்தார்.

"அண்ணே, அத என்கிட்ட குடுத்துருங்க. லைஃப்டைம் கார்டு, நம்பரும் ஜோடி ஜோடியா பளிச்சுனு வருது. ஒரு பார்ட்டி போர்டுல எழுதுறதுக்கு இந்த மாதிரிதான் கேட்டுக்கிட்டே இருக்காப்ள. உங்களுக்கு அடுத்த ரீசார்ஜ் சும்மா போட்டு விடுறேன்."

சும்மா! அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு ராமதாஸ் யோசித்தார் என்றால் அது பொய். சிம் கை மாறியது. அங்கேயே நின்று துளசிராமுக்கு ஒரு மிஸ்டு காலும் கொடுத்தார். பரமக்குடியில் துளசிராம், "எவனோ வெட்டிப்பய ஒரு மணி அடிச்சுட்டு வச்சுட்டான்" என்று சொல்லிவிட்டு நூல் கட்டை எண்ணப் போய்விட்டார்.

சோணைமுத்து சொன்ன பார்ட்டி, கீழக்குயில்குடி மருது. சமணர் மலை அடிவாரத்தில் அவர் புதிதாகத் தொடங்கியிருந்தது 'மருது பந்தல் அண்ட் சவுண்டு சர்வீஸ்'. கடன் வாங்கி நாற்காலி எடுத்து, ஷாமியானா எடுத்து, இரண்டு குழாய் ஸ்பீக்கர் எடுத்து, முதல் ஆர்டருக்குக் காத்திருந்தார். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு விதிதான். போனில் கூப்பிடுகிற யாரிடமும் "நீங்க யாரு?" என்று கேட்கக்கூடாது. பேசுகிறவர் தெரியாதவர் என்று காட்டிக்கொண்டால் ஆர்டர் பக்கத்துப் பந்தல்காரருக்குப் போய்விடும். எடுத்த எடுப்பில் பத்து வருஷம் பழகியவர்போல் பேசிவிட வேண்டும்.

முதல் அழைப்பு வந்தது. எதிர்முனையில் யாரோ ஒருவர் மருதுவுக்குப் புரியாத ஒரு பாஷையில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனார்.

"அண்ணே, தமிழ்ல சொல்லுங்கண்ணே. சத்தத்துல ஒண்ணும் வெளங்கல."

துளசிராம் ஒரு கணம் திகைத்தார். அன்றைக்கு வீட்டில் நம் பாஷையை அப்படிப் பொழிந்த மனிதர் இப்போது தமிழில் பேசச் சொல்கிறாரே! மில்லில் ஆட்கள் நடுவில் இருக்கிறார் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தமிழுக்கு மாறினார்.

"நான் பரமக்குடி துளசிராம் பேசுறேன்."

"அண்ணே! சொல்லுங்கண்ணே, சொல்லுங்க. உங்க போனத்தான் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"எங்க எல்லாருக்கும் பூரண திருப்தி. நிச்சயதார்த்தத்த வச்சுக்கலாம்னு இருக்கோம்."

"ரொம்ப சந்தோஷம்ணே. தேதியச் சொல்லுங்க."

"வர்ற ஞாயித்துக்கெழமை நாள் நல்லா இருக்கு. உங்களுக்குத் தோதுப்படுமா?"

"ஞாயித்துக்கெழம சும்மாதான்ணே இருக்கேன்."

துளசிராம் இருமினார். "எங்க பக்கம் கூட்டம் கொஞ்சம் கூடுதலா இருக்கும். மூணு பஸ்ஸு வரும்போல. உங்களுக்குச் சிரமம் இல்லாம…"

"இதுல என்னண்ணே சிரமம்? இதுதான எனக்கு வேலையே! எம்புட்டுப் பேரு வந்தாலும் உக்கார வைக்கிறது என் பொறுப்பு. சாப்பாட்டுக்கும் நம்ம ஆளு இருக்காரு. மைக்கு, லைட்டு அம்புட்டும் நான் பாத்துக்கிறேன். நீங்க கையை வீசிக்கிட்டு வாங்க."

என்ன பெருந்தன்மை! துளசிராம் நெகிழ்ந்துபோய், "இந்தச் சீரு, செனத்தியெல்லாம் நாங்க ஒண்ணும் எதிர்பார்க்கல" என்றார்.

"அதெல்லாம் பொறவு பேசிக்கலாம்ணே. அட்வான்ஸ் மட்டும் ஏதாவது பாத்துக் குடுத்துருங்க."

மாப்பிள்ளை வீட்டாரிடம் அட்வான்ஸ் கேட்ட பெண்ணின் தகப்பனார் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். துளசிராம் முன்னால் ஒரு தடவை யோசித்தார், பின்னால் ஒரு தடவை யோசித்தார். தமாஷ் என்று முடிவு செய்து பலமாகச் சிரித்தார். அட்வான்ஸ் கேட்டதும் வாடிக்கையாளர்கள் சிரிப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்ததால் மருதுவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"எடம் எதுண்ணே?"

"வேற எங்க, பொண்ணு வீட்டு வாசல்லதான்."

"அட்ரஸச் சொல்லிருங்கண்ணே."

இதுவும் தமாஷ்தான் என்று துளசிராம் சிரித்துக்கொண்டே ராமதாஸின் தெருப்பெயர், கதவு எண், பக்கத்தில் இருக்கும் மாவு மில் வரைக்கும் ஒப்பித்தார்.

இந்தப் பக்கம் விளாங்குடியில் துக்க வீடுபோல் இருந்தது. பரமக்குடியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ராமதாஸ் மஞ்சள் சிம் போட்ட போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். "நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்று பத்மாசினி கெஞ்சினாள். பெண் வீட்டார் வலியப் போய்க் கேட்பது கௌரவம் இல்லை என்றார். உண்மை அது இல்லை. மஞ்சள் குடையில் இன்னொரு குடைக்காரருக்குப் பேச இலவசம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான்.

"பிடிக்கலை போல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்வர்ணா அடுப்படிக்குள் போய், கழுவிய டம்ளர்களையே மறுபடியும் கழுவினாள். ராமதாஸ் மகளை உயிராக நினைக்கிறவர். அன்று இரவு அவர் இலவச நிமிஷங்கள் அப்படியே வீணாகப் போயின. அவருடைய சிம் வாழ்க்கையில் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. மலை மாதிரி நாற்காலி அடுக்கு. மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர். முன்னால் இருந்து மருது இறங்கினார்.

"அண்ணே, மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு இதான? பந்தலத் தெருவ அடைச்சுப் போட்டுரலாமா, இல்ல வண்டி போக வழி விடணுமா?"

"என்ன பந்தல்? இங்க ஒரு விசேஷமும் இல்லையே" என்றார் ராமதாஸ்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க! நாளைக்கு உங்க வீட்டுல நிச்சயதார்த்தம்."

"யாருக்கு?"

"அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? பரமக்குடி அண்ணன் மூணு பஸ்ஸுல வாராரு. என்கிட்ட சொல்லிட்டாரு."

தன் மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்ட செய்தியைப் பந்தல்காரரிடமிருந்து தெரிந்துகொள்ளும் பாக்கியம் எத்தனை தகப்பன்மாருக்குக் கிடைக்கும்? ராமதாஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்மாசினி சந்தோஷத்தில் அழுதாள். அழுது முடித்ததும் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதக்கூடாது. ஸ்வர்ணா மட்டும் உள்ளேயிருந்து ஓடி வந்து, "நாளைக்கேவா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு வெட்கப்பட்டுத் திரும்பி ஓடினாள்.

மருதுவின் லாரியில் கட்டியிருந்த போர்டில் இருந்த நம்பரைப் பார்த்ததும் ராமதாஸுக்கு முழுக் கதையும் விளங்கிவிட்டது. அவசர அவசரமாகத் துளசிராமுக்குப் போன் போட்டார். காசு போட்டுத்தான். சௌராஷ்டிரத்தில் பேச்சைத் தொடங்கினார்.

"அப்பாடா, இன்னைக்காவது நம்ம பாஷையில பேசுறீங்களே! அதான் எல்லாம் பேசியாச்சே சம்பந்தி, பொறகென்ன? ஆமா, இது யாரு நம்பர்?"

"மில் நம்பர். சும்மா உறுதி பண்ணிக்கலாம்னுதான்…" என்று ராமதாஸ் குழறினார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிம் மாற்றி எதை வேண்டுமானாலும் மாற்றுவார், தான் சிம் மாற்றி என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பட்டுப் புடவை என்று பரமக்குடியே வந்து இறங்கி, போட்டிருந்த நாற்காலிகளில் பாந்தமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. துளசிராம் பூரித்துப்போய் நின்றார்.

மருதுவுக்கு அது முதல் ஆர்டர் என்று சொன்னேன் அல்லவா? சபையில் நாலு பேருக்குத் தன் நம்பர் தெரியட்டும் என்று, வெள்ளிக்கிழமைதான் எல்லா நாற்காலியின் பின்பக்கத்திலும் பச்சைப் பெயிண்டில் கொட்டை கொட்டையாக நம்பரை எழுதியிருந்தார். காய்வதற்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார். மேல் நாற்காலியின் முதுகில் இருந்த நம்பர் கீழ் நாற்காலியின் நெஞ்சில் திருப்பிப் பதிந்து, அடுக்குக்குள் காற்றுப் படாமல் ஈரமாகவே இருந்தது. அதன் மேல் இப்போது பரமக்குடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

தாம்பூலம் மாற்றும் நேரம் வந்து, பெரியவர்கள் எல்லோரும் எழுந்து மேடைப் பக்கம் திரும்பினார்கள். துளசிராம் தன் பெரிய மைத்துனரின் வெள்ளைச் சட்டை முதுகைப் பார்த்தார். பச்சையில் பத்து இலக்கம். பக்கத்தில் சித்தப்பாவின் முதுகைப் பார்த்தார். அதே பத்து இலக்கம். வரிசையாகப் பார்த்தார். அத்தனை முதுகிலும் நேராக, தெளிவாக, படிக்கும்படியாக ஒரே நம்பர். எங்கேயோ பார்த்த நம்பர் மாதிரி இருக்கிறதே என்று போனை எடுத்துத் தேடினார். 'ராமதாஸ் சம்பந்தி.'

யோசித்துவிட்டு, அந்த நம்பரை அழுத்தினார்.

மேடையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மருதுவின் சட்டைப்பையில் மணி அடித்தது. ஒரு கையில் மைக், மறு கையில் போன். இரண்டும் வாய்க்கு நேராக.

"அலோ, மருது பந்தல் அண்ட் சவுண்டு சர்வீஸ், சொல்லுங்கண்ணே!" என்று விளாங்குடி முழுவதும் கேட்டது.

"நான் துளசிராம்."

"பரமக்குடி அண்ணனா? எல்லாம் நல்லாப் போய்க்கிட்டு இருக்கு. அந்த அட்வான்ஸ் விசயம் மட்டும் இன்னும் ஒண்ணும் சொல்லலியேண்ணே" என்று குழாய் ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து கேட்டன.

துளசிராம் போனை மடியில் செருகிக்கொண்டு ராமதாஸிடம் வந்தார். ராமதாஸ் எல்லாவற்றையும் சொன்னார். நீலக் குடை, மஞ்சள் குடை, மிஸ்டு கால், மில் நம்பர் என்று சொன்ன பொய். சொல்லி முடித்தபோது அவருடைய குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"நம்பரையே மாசா மாசம் மாத்துற மனுஷன், குடுக்குற வாக்க மாத்த மாட்டார்னு நான் எப்படிங்க நம்புறது?" என்று துளசிராம் மெதுவாகக் கேட்டார்.

மேடையில் ஸ்வர்ணா குனிந்த தலை நிமிரவில்லை. கார்த்திகேஷ் அப்பாவைப் பார்த்தான், ராமதாஸைப் பார்த்தான், என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ஒரு போனஸுக்கு ஆசைப்பட்டு மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று ராமதாஸின் கண் கலங்கிவிட்டது.

அப்போது பத்மாசினி உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். துளசிராமின் முன்னால் திறந்து தாம்பூலத் தட்டில் கொட்டினாள். சிவப்புச் சிவப்பாகச் சிம்கள் விழுந்தன.

"அண்ணா, இவர் மாத்தினது இம்புட்டுத்தான். வேற எதையும் மாத்தத் தெரியாத மனுஷன் இவர். சேர்ந்த அன்னைக்கு எந்த நாற்காலியோ இன்னைக்கும் மில்லுல அதே நாற்காலி. கல்யாணத்துக்கு வாங்கின ஸ்கூட்டர்தான் வாசல்ல நிக்குது. மீசையைக்கூட ஒரு நாள் மாத்தி வச்சதில்லை. என்னையும் மாத்தலை" என்றாள். கொஞ்சம் யோசித்து, "எனக்கு யாரும் போனஸ் போடலைங்கறது வேற விஷயம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது கார்த்திகேஷ். பிறகு ஸ்வர்ணா. பிறகு பச்சை முதுகுகள் எல்லாம் குலுங்கின. துளசிராம் மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டு நின்றார்.

"சரி. எங்க சொந்தம் அம்புட்டுப் பேரு முதுகுலயும் இந்த நம்பர்தான் இருக்கு. சலவைக்குப் போட்டாலும் போகப் போறதில்லை. இனிமே இதுதான் உங்க நம்பர். உயிர் இருக்குற வரைக்கும் மாத்தக்கூடாது. சம்மதம்னா தட்ட மாத்திக்குவோம்" என்றார்.

"நம்பர் இப்ப இவர்கிட்டல்ல இருக்கு" என்று ராமதாஸ் பரிதாபமாக மருதுவைக் காட்டினார்.

"அதுக்கென்னண்ணே! காளவாசல்ல சிவப்புக் குடைக்காரன் சிம்மு சும்மா குடுக்குறானாம். நான் போயி ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்று மருது போனைப் பிரித்து, நீலச் சிம்மை எடுத்துத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை மேல் வைத்தார். ராமதாஸ் இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிச்சயம் நடந்தது. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணமும் நடந்தது.

ராமதாஸ் வாக்குத் தவறவில்லை. இன்றுவரை அதே நம்பர்தான். அந்த நாற்காலிகளும் மதுரை ஜில்லா முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, முதுகில் அதே நம்பரோடு. மாற்றி எழுதுகிறேன் என்று மருது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக் கூட்டம் எது என்றாலும் போன் இவருக்குத்தான். ராமதாஸ் சாப்பிட உட்கார்ந்தால், "அண்ணே, இருநூறு சேர் வேணும், ஒரு மேடை வேணும்" என்று யாராவது கூப்பிடுவார்கள். "நான் பந்தல்காரர் இல்லீங்க. அவரு நம்பர் தாரேன்" என்பார்.

தருவதற்கு அவர் நம்பர் வேண்டுமே? சிவப்புக் குடையில் தொடங்கிய மருது இப்போது எல்லாக் குடையும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். மாதம் பிறந்தால் ராமதாஸின் போன் ஒரே ஒரு மணி அடித்து ஓய்ந்துவிடும். புது நம்பர். ராமதாஸ் பெருமூச்சு விட்டு, தன் காசில் திருப்பிக் கூப்பிடுவார்.

"அண்ணே, நான்தான் மருது. இனிமே இதான் நம்பர். சேவ் பண்ணிக்கங்க."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இலவசம் என்றால் நின்று பார்க்கவே மாட்டீர்கள். அப்படியே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நம்பரை மாற்றியிருந்தாலும் எல்லோருக்கும் முறையாகச் சொல்லியிருப்பீர்கள். ஆனாலும் அடுத்த தடவை கல்யாண வீட்டுக்குப் போய் வந்ததும் சட்டையைக் கழற்றி முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். பச்சைப் பெயிண்டில் பத்து இலக்கம் இருந்து, அது உங்களுடைய பழைய நம்பராகவும் இருந்துவிட்டால், உங்கள் வீட்டு விசேஷம் எப்போது என்று அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.